பூசலார் தூங்காத இரவுகள்

புது வீடு வாங்கப் போகிறவர் கலங்கி நின்றால் நம் ஊரில் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான். "எல்லாம் அவன் பாத்துப்பான், நீங்க எதையும் மனசுல போட்டுக்காதீங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்குப் பாரம் குறைவதில்லை. கவலைப்படுகிறாய் என்றால் உன் பக்தியில் ஏதோ குறை என்ற குற்றச்சாட்டும் அந்த ஆறுதலுக்குள் ஒளிந்திருக்கிறது. இருபது வருஷக் கடனை நினைத்துத் தூக்கம் தொலைத்தவர், தூக்கம் தொலைத்ததற்காகவும் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

வீட்டை நினைத்துக் கவலைப்படுவது இறைநம்பிக்கைக்கு விரோதமானதா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, தொழிலிலிருந்து வந்தது. ஆவடிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். தொடக்கத்தில் வந்தவை காலி மனைகளும் பழைய ஓட்டு வீடுகளும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகிய ஆட்களாக இருப்பார்கள். வாங்குகிறவர் அந்த மண்ணில் நடந்து பார்த்திருப்பார், கிணற்றில் எட்டிப் பார்த்திருப்பார். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் அடுக்குமாடியில் புத்தம் புது வீடு வாங்குகிறவர்கள். பல சமயம் அந்த வீடு இன்னும் கட்டி முடிந்திருக்காது. கைபேசியில் இருக்கும் படத்தைக் காட்டி, "இதுதாங்க நம்ம வீடு" என்பார்கள். உள்ளே போய்க் கைரேகை வைக்கும்போது விரல் வியர்த்து, ரேகை பதியாமல், துடைத்துத் துடைத்து வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த வியர்வைக்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னைக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்த ஒரு சாயங்காலத்தில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடையில், 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். அதன்பிறகு மனையைக் காட்டி, "இங்க முன்னாடி ஏரி இருந்துச்சாங்க?" என்று கேட்காதவரே இல்லை. சென்னையில் புது வீட்டைக் கண்டு பயப்படுகிறவர் கோழையும் இல்லை, நாத்திகரும் இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் மறக்காதவர், அவ்வளவுதான்.

என் கேள்விக்கு விடை என் ரயில் பாதையிலேயே இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் ஆவடி, பட்டாபிராம் தாண்டினால் திருநின்றவூர். இன்று ஸ்டேஷனின் இரண்டு பக்கமும் மனை விற்பனைப் பலகைகளும் பாதி எழும்பிய கட்டடங்களும்தான். அந்த ஊரில்தான் பூசலார் கோயில் கட்டினார்.

கதை பலருக்கும் தெரியும். சிவனுக்கு ஒரு கோயில் எடுக்க ஆசைப்பட்டார் பூசலார். பொருள் தேடினார், கிடைக்கவில்லை. என்ன செய்வேன் என்று நைந்துபோய், பிறகு மனத்திலேயே கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ அரசன் காடவர்கோன் கல்லால் பெரிய கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் அவன் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. முந்திய இரவு சிவன் அவன் கனவில் வந்து, நாளைக்கு நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குள் நாம் புகப்போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். அரசன் நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள் ஊரார். பூசலாரையே கேட்டபோதுதான் அது மனத்தில் எழுந்த கோயில் என்று தெரிந்தது.

இதை நாம் வழக்கமாக, "கல்லும் மண்ணும் முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்" என்று முடித்துவிடுகிறோம். பெரியபுராணத்தில் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு வேறொன்று கண்ணில் படும். சேக்கிழார் சோழர் அவையில் அமைச்சராக இருந்தவர், நிர்வாகம் தெரிந்தவர். பூசலார் மனத்தில் கட்டிய கோயிலை ஒரு கட்டுமானத்தின் ஒழுங்கோடு சொல்கிறார். முதலில் சாமான்கள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார். நல்ல நாள் பார்த்து ஆகமப்படி அடிநிலை போடுகிறார். உபானம் தொடங்கிச் சிகரம் வரை ஒவ்வொரு வரிசையாக எழுப்புகிறார். சிகரத்தை நினைத்த முழக்கணக்கில் கொண்டுவருகிறார். தூபி நடுகிறார், சுதை பூசுகிறார், கிணறு தோண்டுகிறார், மதில் வளைக்கிறார், குளம் வெட்டுகிறார். பிறகுதான் நாள் குறிக்கிறார்.

கற்பனையில் கோயில் கட்ட ஒரு நொடி போதும். கண்ணை மூடினால் ராஜகோபுரமே நிற்கும். பூசலார் அப்படிச் செய்யவில்லை. நெடுநாள் எடுத்துக்கொண்டார். இல்லாத கல்லுக்கு அளவு பார்த்தார். இராத்திரியில் கண் மூடவில்லை என்றும் சேக்கிழார் சொல்கிறார். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த இடம்தான். நாயன்மார் ஒருவர் ஒரு கட்டடத்துக்காகத் தூக்கம் விட்டிருக்கிறார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரை ஊர்ப்பெயரோடு சேர்த்து வணங்கியும் இருக்கிறார். 'மனசுல போட்டுக்காதே' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மனசில் போட்டுக்கொண்டதுதான் அவருடைய பக்தி.

ஆக, தூக்கம் போவதில் இரண்டு விதம் இருக்கிறது. அன்பினால் விழித்திருப்பவருக்கு அடுத்து செய்ய ஒரு வேலை இருக்கும்: இந்த வரிசை முடிந்தது, நாளைக்கு அடுத்த வரிசை. பயத்தினால் விழித்திருப்பவருக்கு வேலை எதுவும் இல்லை, படங்கள்தான் ஓடும்: கட்டடம் சாய்வது, வேலை போவது, ஊர் சிரிப்பது. புது வீடு வாங்குகிறவர் படும் பாடு இந்த இரண்டாவது வகை. அதைப் போக்கத் தூங்கு என்று சொல்லிப் பயனில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி விழிப்பு வந்தால், "இதுக்கு நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன் என்னிடம் வருகிறவர்களை. உண்டு என்றால் தாளில் எழுதிவிட்டுப் படுக்கட்டும். இல்லை என்றால் மட்டும், அது அவன் பார்த்துக்கொள்ள வேண்டியது. 'அவன் பாத்துப்பான்' என்பது பொய் இல்லை. நம்முடைய பட்டியல் முடிகிற இடத்தில் சொல்ல வேண்டிய சொல் அது. பட்டியலே போடாமல் இருப்பதற்காகச் சொல்கிறபோதுதான் பொய்யாகிவிடுகிறது.

கீதையை மேற்கோள் காட்டுகிறவர்களும் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். பலனில் உரிமை கொண்டாடாதே என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். செயலை விட்டுவிடுவதிலும் பற்று வைக்காதே என்று கிருஷ்ணன் அதே மூச்சில் சொன்னதை யாரும் சொல்வதில்லை. பத்திர நகல் கேட்கச் சங்கடப்பட்டு, "எல்லாம் விதிப்படி நடக்கும்" என்று முன்பணம் கொடுத்துவிடுவது வைராக்கியம் ஆகாது.

ஒரு பெண் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, கணவருக்கு ஷிப்ட் டியூட்டி. இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருந்தார்கள். கட்டி முடிந்து சாயம் அடிக்கிற நிலையில் இருந்தது. "ஐயா, அட்வான்ஸ் குடுக்கணும்னு நெனச்சாலே நெஞ்சு படபடங்குது. சாமி வேணாம்னு சொல்லுதோன்னு தோணுது. நின்றவூர் கோயில்ல பூக்கட்டிப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். பூசலார் மனத்தில் கட்டிய கோயிலின் நினைவாக அங்கே இருக்கும் சிவனுக்கு இருதயாலீஸ்வரர் என்று பெயர். இருதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் சந்நிதி. படபடப்போடு அங்கே போவது இயல்புதான்.

"பூக்கட்டிப் பாரும்மா, தப்பில்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நெலத்துக்காரர் பில்டருக்குப் பவர் குடுத்திருக்காரா?"

"ஆமாங்கய்யா."

"அவர் உயிரோட இருக்காரா?"

அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் பத்திரம் செல்லாது. மூலப்பத்திரம் பார்த்தாயா என்றேன். பில்டரிடம் கேட்டதற்கு, "பேங்க்ல லோன் குடுக்கும்போது அவங்களே பாப்பாங்க" என்று சொல்லிவிட்டார்களாம். பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க் போடும் பணத்துக்காக. நாம் போடும் பணத்துக்கும் பயத்துக்கும் நாம்தான் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கச் சொன்னேன். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். அதில் அந்த மனையின் மேல் பழைய அடமானம் ஒன்று இருந்தது. கடனைக் கட்டி முடித்திருந்தார்கள், ஆனால் அதற்கான ரசீதைப் பதியாமல் விட்டிருந்தார்கள். பெரிய மோசம் ஒன்றும் இல்லை. நாள் பிடித்தாலும் பதிந்து கொடுத்தார்கள். நிலத்துக்காரப் பெரியவரையும் நேரில் பார்த்துவிட்டு வந்தாள்.

"படபடப்பு போயிடுச்சாம்மா?"

"பாதி போயிடுச்சுங்கய்யா."

அந்தப் பாதி, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததால் வந்த படபடப்பு. அதைச் சகுனம் என்று நினைத்திருந்தால் நல்ல வீட்டை விட்டிருப்பாள். கோழைத்தனம் என்று நினைத்து அடக்கியிருந்தால் பதிவில் விடுபடாத அடமானத்தோடு வாங்கியிருப்பாள். பதிவு அலுவலகத்தில் கிடைக்கிற பதிலைச் சாமியிடம் கேட்கக் கூடாது என்பது என் கொள்கை. அதில் பக்தியும் இல்லை, மரியாதையும் இல்லை.

மீதிப் பாதி கடன். 40 லட்சத்தை எட்டரை வட்டியில் இருபது வருஷத்துக்கு வாங்கினால் மாதம் ஏறத்தாழ 34,700 ரூபாய். மொத்தம் கட்டி முடிக்கும்போது 83 லட்சத்துக்கு மேல். அவள் மனசில் உட்கார்ந்திருந்தது இந்த 83. அந்தத் தொகை எந்த நாளிலும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கப்போவதில்லை, மாதா மாதம்தான் வரும், மாதத்துக்கு உண்டான கணக்கைப் போடு என்றேன். இப்போதே சில மாதம் வாடகைக்கும் இந்தத் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள், குடும்பம் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும் என்றேன். அப்படியும் ஒன்று மிஞ்சத்தான் செய்யும்: உடம்பு, வேலை, ஆயுசு. அதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியது அதைத்தான். அதையும் வில்லங்கத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவதால்தான் சந்நிதியில் நின்றாலும் இறக்கி வைக்க முடியவில்லை.

சட்டம் தெரிந்தால் பயம் குறையும். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதிப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களிடம் வசூலித்ததில் எழுபது சதவீதத்தை அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு கட்டாயம் இல்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு கிரவுண்டில் எழும்பும் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த ரகம். அங்கே நம் விழிப்புதான் காவல்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் ஒரே அளவில் எட்டு வீடு என்றால், ஆளுக்கு 300 சதுர அடி நிலம். பத்திரத்தில் முழு மனைக்கும் நான்கு எல்லை எழுதிவிட்டு, 'இதில் பிரிபடாத 300 சதுர அடி' என்று எழுதுவோம். எந்த 300? வடக்கு மூலையா, படிக்கட்டுக்குக் கீழேயா? யாராலும் காட்ட முடியாது. காலால் கோடு போட முடியாத சொத்து அது. அந்த மண்ணில் எந்தப் பிடியை அள்ளினாலும் அதில் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. எத்தனையோ பத்திரத்தில் இதை எழுதியிருக்கிறேன், எழுதும்போதெல்லாம் மனசு ஒரு கணம் நிற்கும். நம் தத்துவங்கள் எல்லாம் 'எனது' என்பதை விடச் சொல்கின்றன. விட்டுவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு எங்கே படுப்பது என்று சம்சாரி கேட்கிறான். இந்தப் பிரிபடாத பாகம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி காட்டுகிறது. எனது என்பது உண்மை, சட்டம் அதைக் காக்கும். ஆனால் பக்கத்து வீட்டானைத் தள்ளி நிறுத்திவிட்டு அனுபவிக்க முடியாத எனது. அதனால் வாங்கும் முன் சுவரை மட்டும் பார்க்காதீர்கள், மற்ற ஏழு பேரையும் பாருங்கள் என்று சொல்வேன். முடிந்தால் சாவி வாங்கும் முன்னமே ஒருதரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் மொட்டை மாடியும் வண்டி நிறுத்தும் இடமும்தான் பின்னால் வரும் சண்டைகளில் பாதி. கூட ஏழு குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு பலருக்கு முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன். தனியாளாகத் தூக்குகிறோம் என்கிற நினைப்புதான் பாரத்தில் பெரும் பாரம்.

அந்தக் காலத்தில் வீடு கட்டியவருக்கும் பயம் இருந்தது. ஆனால் அதைக் கரைத்துவிட நடுநடுவே நாட்கள் இருந்தன. மனை பூஜை, வாசக்கால் வைக்கிற நாள், தளம் போடுகிற நாள், தச்சுக் கழிப்பது, கடைசியில் பால் காய்ச்சுவது. வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கீழே நவதானியமும் காசும் போட்டு நிறுத்தும்போது வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். தளம் போட்ட அன்றைக்கு ஆட்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டார்கள். அந்த ஒவ்வொரு நாளிலும் ஒரு கட்டம் முடிந்ததைக் கண்ணால் கண்டு, அதுவரைக்குமான கவலையை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். இப்போதும் அதே கட்டங்கள் இருக்கின்றன. அஸ்திவாரம் முடிந்தது, முதல் தளம் முடிந்தது, இத்தனை சதவீதம் கட்டுங்கள் என்று கடிதமாக வருகின்றன. பணம் போகிறது, ஆள் போவதில்லை. சடங்கு நாள் தவணை நாளாகிவிட்டது. பூசலார் வரிசை வரிசையாக மனத்தில் நடந்துபோன வழியை நாம் வங்கிக் கணக்கில் கடந்துவிடுகிறோம். பயம் ஏறாமல் என்ன செய்யும்?

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களா, தூணுக்குச் சாக்கு சுற்றி நனைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. அதன் பலத்தை 28 நாள் கணக்கில் சோதிக்கிறார்கள். பூச்சு வேலைக்கு முன்னால் சுவரில் குழாயும் ஒயரும் எந்த வழியாகப் போகின்றன என்று படம் எடுத்து வையுங்கள். குளியலறையில் ஓடு பதிக்கும் முன் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்வீட்டுத் தளத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதித்த ஓட்டை விரலால் தட்டினால் பொள்ளலாக இருக்கும் இடம் சத்தத்திலேயே தெரியும். முடிந்தால் ஐப்பசி மழை ஒன்று பெய்த பிறகு சாவி வாங்குங்கள். எந்தப் பொறியாளரும் சொல்லாததை மழை சொல்லிவிடும்.

போகும்போது வேலை செய்கிறவர்களின் பெயரைக் கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள். தகரக் கொட்டகையிலும் பாதி முடிந்த அறையிலும் படுத்துக் கிடக்கிறார்கள். புது வீட்டில் முதலில் தூங்கியவர்கள் அவர்கள்தான். கிரகப்பிரவேசத்தன்று நம் உறவுக்காரர்கள் எல்லாம் இலை போட்டுச் சாப்பிடும்போது அவர்கள் வேறெங்கோ அடுத்த தளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மௌலிவாக்கத்து இடிபாட்டில் செத்தவர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளில் குடிவரப் போகிறவர்கள் இல்லை, கட்டிக்கொண்டிருந்தவர்கள். நம் வீடு பலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர் முதலில் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும்? ஒரு தளம் போடும் நாளில் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். பழைய முறையில் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்வேன்.

அளவு விஷயத்திலும் பூசலாரைப் பின்பற்றலாம். விளம்பரத் தாளில் ஆயிரம் சதுர அடி என்று போட்டிருக்கும். மாடிப்படி, நடை, சுவர்க் கனம் எல்லாம் கழித்து உள்ளே புழங்கும் இடம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு இப்போது குடியிருக்கும் வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள், பத்துக்குப் பதினொன்று அறை என்றால் கட்டிலும் பீரோவும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று. மனத்தில் இருக்கும் வீடு அப்போதுதான் நம்முடையதாகும். அதுவரை யாரோ வரைந்து கொடுத்த படத்தைத்தான் நம் வீடு என்று சுமந்து திரிகிறோம். நிஜ வீட்டைப் பார்க்கும் முதல் நாளில் அது நொறுங்கிவிடுகிறது. பூசலாரின் மனக்கோயில் நொறுங்கவே இல்லை. அவரே முழம் போட்டுக் கட்டியது அது.

தாமதத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் காடவர்கோன் நினைவுக்கு வருகிறான். அவனும் கட்டி முடித்து நாள் குறித்தவன்தான். கடைசி இரவில் நாள் தள்ளிப்போனது. கோபப்படாமல், யாருக்காகத் தள்ளிப்போனது என்று தேடிக்கொண்டு நின்றவூருக்குப் போனான். அவனுடைய பெருமை அந்தப் பயணத்தில் இருக்கிறது. சித்திரையில் தருவதாகச் சொன்ன சாவி ஆடியில் வந்து, முகூர்த்தம் போய், வாடகை வீட்டுக்காரரிடம் சொன்ன நாளும் போய்த் தவிக்கிறவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். சாவியும் மின் இணைப்பும் தண்ணீரும் கைக்கு வந்த பிறகு பத்திரிகை அடியுங்கள், வாடகை வீட்டைச் சில மாதம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தைத் தாங்கிக்கொள்ள இது போதும்.

ஆனால் கடவுள் தள்ளி வைத்ததும் பில்டர் தள்ளி வைத்ததும் ஒன்றல்ல. கடவுள் முன்கூட்டியே வந்து, காரணம் சொல்லி, வேறு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார். சொன்ன தேதிக்கு வீடு தராத பில்டரிடம் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்க அந்த 2016 சட்டம் இடம் தருகிறது. வேண்டாம் என்றால் போட்ட பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்பது பேராசையோ பொறுமையின்மையோ இல்லை. வெறுப்பில்லாமல், எழுத்தில், தேதி போட்டுக் கேட்கலாம். பொறுமை உள்ளே இருக்க வேண்டிய குணம். வெளியே கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்துவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால், அது உள்ளே கசப்பாக மாறி, கடைசியில் புது வீட்டுக்கே கூடவே குடிவந்துவிடும்.

குடிபோன பிறகு சுவரில் கீறல் விழும். புதுப்பூச்சு சுருங்கும்போது மயிரிழையாக வருகிற கீறலைக் கண்டு பயப்பட வேண்டாம். உத்தரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வருவதும் சாதாரணம். தூணிலோ உத்தரத்திலோ வந்தால், அல்லது சாய்வாக ஓடி நாளுக்கு நாள் அகலமானால், உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிந்து சொன்னால், காசு வாங்காமல் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்கிறது அதே சட்டம்.

பூசலார் கதையின் கடைசிப் பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. அரசன் வணங்கிவிட்டுப் போய்விட்டான். குறித்த நேரத்தில் பூசலார் சிவனை அந்தக் கோயிலில் நிறுவினார். அதோடு முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பல நாள், செய்ய வேண்டிய பூஜைகள் ஒன்று விடாமல் செய்து அந்தக் கோயிலைப் பேணினார் என்கிறார் சேக்கிழார். அந்தப் பெண் பத்திரம் பதிந்து வெளியே வந்தபோது நான் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் சாவி வாங்கிய தேதி, அடுத்த பக்கத்தில் மற்ற வீட்டுக்காரர்களின் பெயர், அதன் பிறகு தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள், கசிவு கண்ட நாள், பில்டருக்கு எழுதிய நாள். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்போ இன்னும் வேலை இருக்குங்கய்யா" என்றாள்.

"இருக்கும்மா" என்றேன்.